கேட்டவர் போடும் மதிப்பெண்

“ரெண்டு போட்டது பரவால்ல மேடம். நான் கடசில சொன்னத நீங்க கேட்டீங்களா?”

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி மாத மதியம், ஆசிரியர் அறை வாசலில் நின்று ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்தவளின் நிதானம்தான் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் பேசி முடிக்கும் நேரத்தில் நான் குனிந்து, மதிப்பீட்டுத் தாளில் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

வாலாஜாபேட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 24 ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் உட்காருகிறவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடி வருகிற பெண்கள் இவர்கள். எங்கள் துறையில் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண் செமினாருக்கு. ஒருத்தி எழுந்து முன்னால் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளடக்கம், அமைப்பு, மொழி, உடல்மொழி, கேள்விக்குப் பதில் என்ற ஐந்து கட்டங்களில் கட்டத்துக்கு ஒரு மதிப்பெண் போடுவேன்.

அன்று சுற்றுச்சூழல் கல்வித் தாள். அது எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவான பாடம் என்பதால் அந்த ஆண்டு எனக்கு வந்திருந்தது. அந்தப் பெண் எடுத்துக்கொண்ட தலைப்பு பாலாறு. எழுந்து வந்தவள் முதல் ஒரு நிமிடம் பேசவே இல்லை. கையிலிருந்த தாள் நடுங்கியது. பிறகு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினாள், நாலைந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவளுக்கு முன் பேசியவள் கணினித் திரையில் வண்ணப் படங்கள் காட்டி, ஆங்கிலமும் தமிழும் கலந்து, சிரித்த முகமாக உலகத்தின் நதிகளையெல்லாம் சுற்றி வந்தாள். அவளுக்கு ஐந்தும் கொடுத்தேன். இவளுக்கு உள்ளடக்கத்தில் ஒன்று, மொழியில் அரை, கேள்விக்குச் சொன்ன பதிலில் அரை. அமைப்பு என்ற கட்டத்தில் சைபர் போட்டு, பக்கத்தில் ‘முடிவு தெளிவாக இல்லை’ என்று எழுதியிருந்தேன்.

அவள் கேட்ட கேள்வி அன்று முதல் என்னோடு இருக்கிறது. ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் எண் போடுவது எப்படிப்பட்ட செயல்? எந்த உரிமையில் அதைச் செய்கிறோம்? கல்வித் துறைக்காரர்கள் இதை மதிப்பீட்டு முறை பற்றிய கேள்வி என்பார்கள். எனக்கு இது தர்மம் பற்றிய கேள்வியாகத்தான் படுகிறது.

என் அப்பாவும் வாழ்நாள் முழுக்கத் தரம் போட்டவர். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்ப்பது அவர் வேலை. பதப்படுத்தி வந்த ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக எடுத்து, மயிர்ப்பக்கத்தைத் தடவி, சதைப்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இது இத்தனையாம் ரகம் என்று பிரித்துப் போட வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள்ளுக் கீறல், அம்மைத் தழும்பு, தோல் உரித்தவன் கத்தி தவறிய வெட்டு எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனால் அவர் வேலை முடியும் வரை பக்கத்தில் நிற்பேன். இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒரு தோலுக்கும் அவர் ரகம் சொன்னதில்லை. அவசரப்படுத்தினால் ஒரே வார்த்தை சொல்வார்: “தடவிப் பாக்காம சொன்னா அது பொய்யிம்மா.”

மாணவி வந்து கேட்டுவிட்டுப் போன இரவு, அப்பாவின் அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் ஒரு பக்கம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அப்பா ‘நாலாம் ரகம்’ என்று சொன்னால் தோலுக்கு அது கேட்காது. சொன்னதால் தோல் இன்னும் கொஞ்சம் சுருங்கிவிடாது. பெண்ணுக்குக் கேட்கும். ‘நமக்குப் பேச வராது’ என்று அவள் அன்றோடு முடிவு கட்டிக்கொண்டால், நான் போட்ட எண் அவளை அளந்ததாக இல்லாமல் அவளை ஆக்கியதாக ஆகிவிடும். உயிருள்ளவர்களுக்குத் தரம் போடுவதில் உள்ள பயங்கரம் இது. அளவுகோல் பட்ட இடத்தில் அளக்கப்பட்டது மாறிப்போகிறது.

நன்றாகப் பேசுவதும் நல்லதைப் பேசுவதும் ஒன்றா என்ற சந்தேகம் மனிதர்களுக்குப் பழையது. கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ‘கோர்கியாஸ்’ உரையாடலில், பேச்சுக்கலை ஆசிரியரான கோர்கியாஸ் பெருமையோடு ஒன்று சொல்கிறார். ஒரு ஊர்ச் சபையில் மருத்துவரும் பேச்சாளரும் போட்டிக்கு நின்று, யாரை மருத்துவராக நியமிக்கலாம் என்று கேட்டால், சபை பேச்சாளரைத்தான் தேர்ந்தெடுக்குமாம். சாக்ரடீசுக்கு இது பெருமையாகத் தெரியவில்லை. அறியாதவன் அறியாதவர்கள் முன்னால் அறிந்தவனைவிட நம்பத்தக்கவனாகத் தெரிவதுதானே இது என்று அவர் பிடித்துக்கொள்கிறார்.

கேட்கிறவர்கள் படித்தவர்களாக இருந்தால் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்கவும் வழியில்லை. அமெரிக்காவில் நடந்து 1973-இல் கட்டுரையாக வெளிவந்த ஒரு சோதனை உண்டு. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்ற பெரிய நிபுணராக அறிமுகம் செய்து, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேச வைத்தார்கள். பேச்சில் வேண்டுமென்றே சாரம் எதுவும் வைக்கவில்லை. முன்னுக்குப் பின் முரண், புதிதாக உண்டாக்கிய சொற்கள், நடுநடுவே சிரிப்பு, குரலில் கம்பீரம். கேட்ட 55 பேரும் மனநல மருத்துவம், உளவியல், கல்வி போன்ற துறைகளில் இருந்தவர்கள். பெரும்பாலோர் பேச்சை நல்லபடியாகவே மதிப்பிட்டார்கள். கோர்கியாஸ் சொன்ன சபை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தது. பின் பெஞ்சில் நானும் அந்தச் சபையில் ஒருத்தியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவரிடம் ஒரு குணம் கண்ணைப் பறித்தால் மற்றக் குணங்களுக்கும் தாராளமாகப் போட்டுவிடுகிறோம் என்பதை தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே எழுதினார். சிரித்த முகத்துக்கு உள்ளடக்கத்திலும் ஒன்று போட்ட என் பேனா அதற்குச் சாட்சி.

நம் மரபு இந்த ஆபத்தை நன்றாக அறிந்திருந்தது. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை வைக்காமல் எதிராளியைக் கவிழ்க்க மட்டும் பேசுவது விதண்டை. மூன்றாவது சொல் மட்டும் ‘விதண்டாவாதம்’ என்று வீட்டுப் பேச்சில் தங்கிவிட்டது. இங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் அளவைகளைக் கற்கிறாள். எது சரியான ஏது, அதாவது காரணம், எது ஏதுவைப் போலத் தெரியும் போலி என்று அந்தக் காப்பியம் விரிவாகப் பேசுகிறது. துறவறம் கேட்டு வந்த பெண்ணுக்கு முதலில் போலி வாதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார் ஆசிரியர். உள்ளே விடுதலை வேண்டுமானால் காது முதலில் தெளிய வேண்டும் என்று அந்த மரபு நினைத்திருக்கிறது.

அளவுகோல்களுக்கும் குறைவில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் நூலுக்குப் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வகுக்கிறது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, மிகையாகச் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாவது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்து முடிவது என்று குற்றங்கள் போகும். நாங்கள் கணினியில் தட்டெழுதி வைத்திருக்கிற மதிப்பீட்டுத் தாளைவிட இது கூர்மையானது. உடல்மொழிக்கு அதில் இடமே இல்லை. ஆனால் அந்த இருபதையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர் யார்? அதற்கு ஒரு பழைய கதை விடை சொல்கிறது.

இறையனார் களவியலுக்கு உரை காண்பது பற்றிய கதை அது. இறைவன் செய்த அறுபது சூத்திரத்துக்குச் சங்கப் புலவர் ஒவ்வொருவரும் உரை செய்துவிட்டார்கள். எது மெய்யுரை என்று யார் சொல்வது? அரசன் சொல்ல முடியாது, புலவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அவர்களுக்குக் காட்டப்பட்ட காரணிகன், அதாவது நடுவன், உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயதுப் பிள்ளை. வாய் பேசாதவன். அந்தக் குழந்தையை உயர்ந்த இடத்தில் உட்கார வைத்து, புலவர்கள் கீழே இருந்து தங்கள் உரையைச் சொன்னார்கள். பிள்ளை அசையவில்லை. மருதன் இளநாகனார் உரையில் சில இடங்களில் கண்ணீர் வந்தது, மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தது. அதுவே மெய்யுரை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் இலக்கிய வரலாறாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த இரவு அதை வேறு விதமாகக் கேட்டேன். சொல்லில் கரை கண்ட புலவர்களை அளக்க ஏன் சொல்லே இல்லாத ஒருவனை வைத்தார்கள்? பேச்சாளனுக்குப் பேச்சாளன் நடுவனாக இருந்தால், ‘நானாக இருந்தால் எப்படிப் பேசியிருப்பேன்’ என்று ஒரு பாதிக் காது உள்ளே திரும்பிவிடும். பிள்ளைக்குத் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை, காட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை. அவன் முழுக்கக் காதாக உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணீர் தீர்ப்பு என்பதைவிடச் சாட்சியம் என்பதே பொருந்தும். ‘இந்தச் சொல் என் வரைக்கும் வந்து சேர்ந்தது’ என்று உடம்பே சொன்ன சாட்சியம்.

என் விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பேச்சுக்குப் போடும் மதிப்பெண் தராசு காட்டும் எடை போன்றதில்லை. அது ஒரு சாட்சி சொல்லும் வாக்குமூலம். ‘நீ பேசினாய், நான் இருந்தேன், இவ்வளவு வந்து சேர்ந்தது’ என்று கேட்டவர் கையெழுத்திட்டுச் சொல்வது. சாட்சிக்கு இரண்டு கடமை உண்டு. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும், கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். நான் முதல் கடமையிலேயே தவறியிருந்தேன். கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் இல்லாதவள்.

எங்கள் ஊரில் மூன்று சமயத்தாரும் புழங்குகிற சொல் சாட்சி. அத்வைதத்தில் உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எதிலும் ஒட்டாமல் நிற்கும் ஆன்மாவுக்கு அதுதான் பெயர். அண்டை அயலாருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. உங்களுக்கே எதிராக, உங்கள் பெற்றோருக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று குர்ஆன் விசுவாசிகளுக்குச் சொல்கிறது. இந்த மூன்று பொருளையும் ஒரு செமினார் வகுப்பு என்னிடம் எதிர்பார்க்கிறது. ஒட்டாமல் பார்க்க வேண்டும், பொய் எழுதக் கூடாது, என் சோம்பலுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

மேல்விஷாரத்திலிருந்து வரும் ஒரு மாணவி பேச எழுவதற்கு முன் உதட்டை அசைத்து ஏதோ ஓதிக்கொள்வாள். ஒருநாள் என்னம்மா அது என்று கேட்டேன். மூஸா நபி கேட்ட துஆ என்றாள். என் நெஞ்சை விரித்துக் கொடு, என் காரியத்தை எளிதாக்கு, என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் சொல் அவர்களுக்கு விளங்கட்டும் என்று இறைவனிடம் அவர் கேட்டாராம். அவள் தயங்கித் தயங்கித் தமிழில் பொருள் சொன்னபோது கடைசிப் பகுதியில் என் மனம் நின்றது. அழகாகப் பேச வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, விளங்க வேண்டும் என்றுதான் கேட்டார். தன்னைவிடத் தன் சகோதரர் ஹாரூன் நாவன்மை மிக்கவர் என்று அவரே சொல்கிறார். பைபிளிலும் மோசே தான் பேச்சுத் திறன் இல்லாதவன், திக்கு நாவு உள்ளவன் என்று தயங்குகிறார். ஆனாலும் அழைப்பு அவருக்குத்தான் வந்தது. எங்கள் மதிப்பீட்டுத் தாளைக் கொண்டு தேர்ந்தெடுத்திருந்தால் அண்ணனுக்குத்தான் ஐந்து கிடைத்திருக்கும்.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. ஐந்து வயது வரை பேசாத குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. ஐந்து வயதில் பேசாமல் இருந்த குழந்தைக்கு அந்தப் பெற்றோர் எந்த ரகமும் எழுதிவிடவில்லை. காத்திருந்தார்கள். ஆல மரத்தடியில் உட்கார்ந்து மௌனத்தாலேயே உபதேசித்த தட்சிணாமூர்த்தி எங்கள் பக்கத்து ஒவ்வொரு சிவன் கோயிலிலும் தெற்குப் பார்த்து இருக்கிறார். பேச்சுக்கு முந்திய மௌனத்தில் எதுவும் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் முதல் ஒரு நிமிடம் பேசாமல் நின்றபோது, நான் உடல்மொழிக் கட்டத்தில் சைபர் எழுதத் தயாராக இருந்தேன்.

எங்கள் மாணவிகள் ஒவ்வொரு செப்டம்பர் 5-ம் தேதியும் ஒரு பெருமையைச் சொல்வார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் சிறுவயதில் வாலாஜாபேட்டைப் பள்ளியில் படித்தவர். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இந்து வாழ்க்கை நோக்கு பற்றி 1926-இல் உரையாற்றி, மேற்கு உலகமே உட்கார்ந்து கேட்கும்படி நம் தத்துவத்தைச் சொன்னவர். அந்தப் பெருமை நியாயமானது. இதே வட்டாரத்தில் வேலம் கிராமத்தில் 1912-இல் பிறந்தவர் மு.வரதராசன். சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய ‘அகல் விளக்கு’ நாவலின் களமும் வாலாஜாபேட்டைதான். அழகும் அறிவும் மின்ன வரும் சந்திரன் அதில் நிலைதடுமாறி அழிகிறான். அவ்வளவு கெட்டிக்காரனாகத் தெரியாத வேலய்யன் காற்றில் அணையாத சின்னச் சுடராக நிற்கிறான். ஒரு சின்ன ஊர் தன் பிள்ளைகளுக்கு இரண்டு உதாரணங்களைக் கொடுத்திருக்கிறது. உலகத்தின் முன் எழுந்து பேசு என்பது ஒன்று, மின்னுவதை மட்டும் நம்பிவிடாதே என்பது மற்றொன்று. ஆசிரியருக்கு இரண்டும் வேண்டும்.

ஏனென்றால், இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேச்சுக்கு மதிப்பெண்ணே வேண்டாம், எல்லாருக்கும் ஐந்து போட்டுவிடலாம் என்று சொன்னால் நான் அந்தப் பெண்களுக்குத் துரோகம் செய்கிறேன். வள்ளுவர் அமைச்சியலின் பத்து அதிகாரங்களில் அமைச்சுக்கு அடுத்ததாகவே சொல்வன்மையை வைத்தார், அவை அஞ்சாமையோடு அந்த இயலை முடித்தார். படித்தும் சபைக்கு அஞ்சுகிறவர்களை அங்கே அவர் கடுமையாகவே சொல்கிறார். எங்கள் பெண்கள் நாளைக்கு வேலைக்கான நேர்காணலில் பேச வேண்டும். கூலி குறைந்தால் மேலாளரிடம் பேச வேண்டும். கிராம சபையில் எழுந்து குடிதண்ணீர் கேட்க வேண்டும். தோல் ஷாப்புக் கழிவால் கெட்டுப்போன பாலாற்றுக்காக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு வழக்குப் போட்டு வாய் திறந்ததால்தான் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர் பிடிக்க அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் பதிவாகியிருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கை எந்த நீதிபதியும் படித்திருக்க மாட்டார். இரக்கப்பட்டு இல்லாத ஐந்தைக் கொடுப்பதும் பொய்ச்சாட்சிதான். கேட்காமல் இரண்டு போடுவது எவ்வளவு பொய்யோ, கேட்காமல் ஐந்து போடுவதும் அவ்வளவு பொய்.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டேன். “நான் கேக்கலம்மா. என் தப்பு. கடைசியில என்ன சொன்ன, மறுபடி சொல்லு” என்றேன். வகுப்பில் யாரும் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாள். இந்த முறை தாள் நடுங்கவில்லை.

“எங்க ஊட்டு கெணத்துல தண்ணி கீது மேடம். வாயில வக்க முடியாது. எங்கம்மா ஷூ கம்பெனில தெக்கிறாங்க. அந்தத் தோலும் இங்க பதம் பண்ணதுதான். தோல் ஷாப்ப மூடுன்னு சொன்னா எங்கம்மாவுக்கு வேல இல்ல. மூடாதன்னு சொன்னா தண்ணி இல்ல. எது சரின்னு எனக்குத் தெரில. தெரிலன்னுதான் சொன்னேன்.”

இதைத்தான் நான் ‘முடிவு தெளிவாக இல்லை’ என்று எழுதியிருந்தேன். உலகத்து நதிகளைச் சுற்றி வந்தவள் கடைசித் திரையில் ‘நீரைக் காப்போம், எதிர்காலத்தைக் காப்போம்’ என்று முடித்தாள். தெளிவான முடிவு. அவளுக்கு அதில் எதுவும் பணயம் இல்லை. இவளோ தன் கிணற்றையும் தன் தாயின் கூலியையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு, இரண்டையும் கீழே போட மனமில்லாமல் நின்றாள். தெரியாததைத் தெரியாது என்று பலர் முன்னால் சொல்வது சாக்ரடீஸ் காலத்திலிருந்து தத்துவத்தின் முதல் படி. உச்ச நீதிமன்றமே 1996-க்குப் பிறகும் இதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு கனமான கேள்வியை நாலைந்து நிமிடத்தில் முடித்து வைக்கவில்லை என்று நான் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்.

தமிழில் காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் ஒரே சொல்தான். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வைத்தது காதுக்கு. நாம் தேர்வுத்தாளில் ‘கேள்வி’ என்று எழுதுவது வாய்க்கு. 24 ஆண்டுகளாகத் தமிழ் நடத்தியும் இந்த இரண்டும் ஒரே வேரில் நிற்பதை நான் உணர்ந்ததில்லை. காது கொடுத்தவருக்குத்தான் கேட்க உரிமை உண்டு என்று மொழியே சொல்லி வைத்திருக்கிறது. அவள் என்னிடம் ‘கேட்டீங்களா’ என்றபோது அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் என்னை நோக்கித்தான் இருந்தன. அவள் சொன்னதை நான் செவிமடுக்கவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை.

அதன்பின் என் வகுப்பில் சில வழக்கங்களை மாற்றினேன். ஒருத்தி பேசும்போது என் கையில் பேனா இருக்காது. அவள் முடித்ததும், மதிப்பெண்ணுக்கு முன், நான் கேட்டதை ஒரே வாக்கியத்தில் அவளிடம் திருப்பிச் சொல்வேன். “அதான் மேடம்” என்றோ “அது இல்ல மேடம்” என்றோ அவள் சொல்ல வேண்டும். ‘அது இல்ல’ என்றால் இன்னொரு முறை சொல்ல அவளுக்கு நேரம் உண்டு. உட்கார்ந்திருக்கிற பெண்களில் இரண்டு பேர் அவளிடம் நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும், அந்தக் கேள்விக்கும் அவர்கள் கணக்கில் மதிப்பெண் உண்டு. ‘கீது’ என்று சொன்னதற்காக மொழிக் கட்டத்தில் கை வைப்பதில்லை. எந்தச் சபையில் எந்தத் தமிழ் என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். சொன்ன பொருளுக்கும் சொன்ன விதத்துக்கும் தனித்தனியாக எண் போடுகிறேன், ஒன்றின் வெளிச்சம் மற்றொன்றின் மேல் விழாமல் இருக்க.

இதற்கு விலை உண்டு. 60 பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே பத்து மணி நேரம். திருப்பிச் சொல்வதும் கேள்வியும் சேர்ந்தால் பதினைந்து மணியைத் தொடும். பாடத்திட்டம் தள்ளிப்போகிறது. சில நாட்களில் களைப்பில் காது மூடிக்கொள்வது எனக்கே தெரிகிறது. அப்படித் தெரிந்தால் ‘இன்னைக்கு இதோட போதும்மா, நாளைக்குக் கேக்கிறேன்’ என்று நிறுத்திவிடுகிறேன். இருட்டிவிட்டால் அப்பாவும் தோலை அடுத்த நாள் வெளிச்சத்துக்கு எடுத்து வைத்துவிடுவார். எல்லா ஆசிரியரும் இப்படிச் செய்ய நேரம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். நேரம் இல்லாதபோது, கேட்காத பேச்சுக்கு எண் போடாமல் இருக்கும் நேர்மையாவது நமக்கு வேண்டும் என்பேன்.

அவளுடைய மதிப்பெண்ணைத் திருத்தினேன். அகமதிப்பீட்டுப் பட்டியல் அப்போது மேலே போகவில்லை. நாலு போட்டேன். தாளைப் பார்த்துவிட்டு, “ஏன் மேடம் ஒண்ணு கொறஞ்சிது?” என்று கேட்டாள். முந்தின நாள் இரண்டு வாங்கியபோது கேட்காத கேள்வி அது.

“தீர்ப்பு வந்தது 1998-னு சொன்ன. 1996. உன் கிணத்தப் பத்தின தீர்ப்பு, வருஷத்த நீ தப்பா சொல்லக் கூடாது” என்றேன்.

பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய நடுங்கிய தாளில் எட்டை அடித்துவிட்டு ஆறு என்று எழுதிக்கொண்டாள். “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் கேட்டிருந்தேன் என்பது அவளுக்கு அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண்ணில்தான் தெரிந்திருக்கும்.